முதலில் க்ளிக்... அப்புறம் ஃபோகஸ்!

ஒளி எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் பதிவு செய்த கேமரா ஒன்று இருந்தது. கடைகளிலிருந்து அது மறைந்துவிட்டது. அது கற்றுக்கொடுத்த வித்தை இன்று உங்கள் பாக்கெட்டில் இருக்கிறது, கொஞ்சம் ஊகமும் கலந்து!

2017 நவம்பர் 30-ம் தேதியோடு ஓர் இணையதளம் மூடப்பட்டது. புகைப்படம் பகிரும் தளங்கள் வருவதும் போவதும் புதிதல்ல. ஆனால், இந்தத் தளத்தில் இருந்த படங்கள் வேறு ரகம். முன்னால் இருக்கும் பூவைத் தொட்டால் பூ துல்லியமாகும், பின்னால் நிற்பவர் மங்கிப்போவார். அவரைத் தொட்டால் முகம் தெளியும், பூ கரையும். படம் எடுத்து மாதக்கணக்கில் ஆகியிருக்கும், எடுத்தவர் எந்த ஊரிலோ இருப்பார். ஃபோகஸ் எங்கே என்பதைப் பார்ப்பவரின் விரல்தான் முடிவு செய்யும். 'உயிருள்ள படங்கள்' என்று இவற்றுக்குப் பெயர் வைத்திருந்தது, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த லைட்ரோ நிறுவனம்.

தளம் மூடப்பட்டதும், பல வலைப்பக்கங்களில் பதிக்கப்பட்டிருந்த அந்தப் படங்களைத் தொட்டுப் பயனில்லாமல் போனது. அடுத்த நான்கே மாதத்தில், 2018 மார்ச் இறுதியில், நிறுவனமே இழுத்து மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. சுமார் ஆறு ஆண்டுகள் கடைகளில் இருந்த ஒரு கேமராவின் கதை அது. தோற்றுப்போன பொருள் என்று அதை ஒரு வரியில் ஒதுக்கிவிடலாம். ஆனால், புகைப்படம் என்றால் என்ன என்ற கேள்வியை அந்தக் கேமரா அளவுக்கு ஆழமாகத் தோண்டிய கருவிகள் குறைவு. இன்று நம் போன்கள் செய்யும் வேலையைப் புரிந்துகொள்ளவும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

திருத்தவே முடியாத தவறு

படம் கொஞ்சம் இருட்டாக விழுந்துவிட்டால் பிறகு வெளிச்சம் கூட்டலாம். நிறம் மஞ்சளடித்தால் சரிசெய்யலாம். சாய்ந்திருந்தால் நிமிர்த்தலாம், ஓரத்தில் வேண்டாதவர் நின்றால் வெட்டிவிடலாம். ஃபோகஸ் மட்டும் அப்படியில்லை. தாலி கட்டும் நொடியில் மணமக்களின் முகம் மங்கி, பின்னால் இருக்கும் மேடை அலங்காரம் பளிச்சென்று விழுந்துவிட்டால், எந்த ஸ்டூடியோக்காரராலும் அதை மீட்க முடியாது. 'அவுட் ஆகிடுச்சு' என்பார்கள். அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த ஒரு தவறைத் திருத்த முடியுமா என்று யோசித்தவர் ரென் இங். மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கணினி வரைகலையில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, நண்பரின் ஐந்து வயது மகளைப் படம் எடுக்க முயன்று திண்டாடியதாகப் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கேமரா ஃபோகஸைப் பிடிப்பதற்குள் சிரிப்பு போய்விடும், குழந்தை அடுத்த மூலைக்கு ஓடியிருக்கும்.

ஒளியின் மொய் நோட்டு

ஃபோகஸ் தவறும்போது உண்மையில் என்ன நடக்கிறது? ஒரு மூக்குத்தியின் ஒளிப்புள்ளியை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து கிளம்பும் கதிர்கள் லென்ஸின் மேல் பக்கம், கீழ்ப் பக்கம், இடது, வலது என எல்லா இடத்திலும் விழுகின்றன. லென்ஸ் அவற்றை வளைத்து மறுபடியும் ஒரே புள்ளியில் கூட்டுகிறது. அந்தப் புள்ளி சரியாக சென்சாரின் மேல் அமைந்தால் மூக்குத்தி கூர்மையாகத் தெரியும். அரை மில்லிமீட்டர் முன்னாலோ பின்னாலோ அமைந்தால், கதிர்கள் ஒரு வட்டமாகப் பரவி விழும். அதைத்தான் பிளர் என்கிறோம். ஒளி எதுவும் தொலைந்துபோகவில்லை என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். மூக்குத்தியின் கதிர்கள் அத்தனையும் வந்து சேர்ந்துவிட்டன, ஆனால் பக்கத்துப் பிக்ஸல்களில் விழுந்து, அங்கே வந்த மற்ற கதிர்களோடு கலந்துவிட்டன.

சாதாரண சென்சாரின் பிக்ஸல், கல்யாண மண்டபத்து உண்டியல் மாதிரி. கடைசியில் திறந்தால் மொத்தம் எவ்வளவு என்று மட்டும் தெரியும். ரென் இங் கேட்டது மொய் நோட்டு. எந்த ஊர், யார், எவ்வளவு என்று வரிக்கு வரி எழுதி வைத்திருந்தால், மொத்தத்தையும் சொல்லலாம். வேண்டும்போது ஊர்வாரியாகப் பிரித்து வேறு கணக்கும் போடலாம். ஒவ்வொரு கதிரும் லென்ஸின் எந்தப் பகுதி வழியாக நுழைந்தது என்பது பதிவாகியிருந்தால், 'சென்சார் அரை மில்லிமீட்டர் முன்னால் இருந்திருந்தால் இந்தக் கதிர் எங்கே விழுந்திருக்கும்' என்று கணக்குப் போட்டுவிடலாம். அந்தக் கணக்கின் விடைதான் புது ஃபோகஸில் இருக்கும் படம்.

2005-ல் ஸ்டான்ஃபோர்டில் செய்த முன்மாதிரியில், கான்டாக்ஸ் 645 என்ற பெரிய கேமராவை எடுத்துக்கொண்டார்கள். அதன் பின்னால் கோடாக் நிறுவனத்தின் 16 மெகாபிக்ஸல் சென்சார். சென்சாருக்கு அரை மில்லிமீட்டர் முன்னால், குட்டி லென்ஸ்கள் பதித்த கண்ணாடித் தகடு ஒன்றைப் பொருத்தினார்கள். வரிசைக்கு 296 வீதம் 296 வரிசைகள். ஒவ்வொரு குட்டி லென்ஸின் அகலமும் மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒவ்வொன்றுக்கும் அடியில் சுமார் 14-க்கு 14 பிக்ஸல்கள். குட்டி லென்ஸில் வந்து விழும் ஒளியை அது இந்தப் பிக்ஸல்களுக்குப் பிரித்துக்கொடுக்கும். முன்லென்ஸின் இடது ஓரம் வழியாக வந்தது ஒரு பிக்ஸலுக்கு, வலது ஓரம் வழியாக வந்தது இன்னொன்றுக்கு. மொய் நோட்டு தயார்.

அதைப் படிக்கும் முறையும் அழகானது. எல்லாக் குட்டி லென்ஸ்களுக்கு அடியிலிருந்தும் இடது ஓரப் பிக்ஸலை மட்டும் பொறுக்கிச் சேர்த்தால், முன்லென்ஸின் இடது ஓரத்திலிருந்து உலகம் எப்படித் தெரிந்ததோ அந்தப் படம் கிடைக்கும். இப்படிக் கிட்டத்தட்ட 200 படங்கள். ஒவ்வொன்றும் மயிரிழை அளவு வேறு கோணம். கையை நீட்டி ஒரு விரலை நிறுத்தி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தால் விரல் இடம் மாறுகிறதல்லவா? அதேபோல் இந்தப் படங்களிலும் அருகில் இருப்பவை அதிகம் நகர்ந்திருக்கும், தூரத்தில் இருப்பவை குறைவாக. பூ எல்லாப் படத்திலும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு படங்களை நகர்த்திக் கூட்டினால் பூ கூர்மையாகும், பின்னணி தானாகவே மங்கும். பின்னணி பொருந்துமாறு கூட்டினால் பூ மங்கும். பெருங்கணிதம் என்று பயப்பட ஒன்றுமில்லை. நகர்த்து, கூட்டு, அவ்வளவுதான்.

இந்தச் சிந்தனை ரென் இங் தலையில் திடீரென்று முளைத்ததல்ல. பிரெஞ்சு இயற்பியலாளர் காப்ரியேல் லிப்மான், வண்ணப் புகைப்பட முறைக்காக நோபல் பரிசு பெற்ற அதே 1908-ல், குட்டி லென்ஸ்களை வரிசையாகப் பதித்த தகட்டில் படம் எடுக்கலாம் என்று பிரெஞ்சு அறிவியல் அகாடமியில் எடுத்துச் சொன்னார். 1936-ல் சோவியத் விஞ்ஞானி கெர்ஷுன், ஒரு வெளியில் எல்லாத் திசைகளிலும் பாயும் ஒளிக்கு 'ஒளிப்புலம்' என்ற பெயரைக் கொடுத்தார். 1996-ல் ஸ்டான்ஃபோர்டின் மார்க் லெவாயும் பாட் ஹன்ரஹானும் அதைக் கணினி வரைகலைக்குள் கொண்டுவந்தார்கள். அங்கேயே 100 வீடியோ கேமராக்களை ஒரு சட்டத்தில் அடுக்கி ஒளிப்புலத்தைப் பதிவு செய்யவும் செய்தார்கள். ஓர் அறையை அடைத்துக்கொண்ட அந்த ஏற்பாட்டைக் கையில் தூக்கும் ஒரே கேமராவுக்குள் அடக்கியது ஹன்ரஹானின் மாணவரான ரென் இங்கின் சாதனை. 2006-ல் அவர் சமர்ப்பித்த ஆய்வேடு, கணினித் துறையின் சிறந்த முனைவர் பட்ட ஆய்வுக்கான ஏ.சி.எம். விருதைப் பெற்றது. அதே ஆண்டு அவர் தொடங்கிய லைட்ரோ நிறுவனமும் பிறந்தது.

11 சென்டிமீட்டர் குழாய்

2011 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு, 2012 தொடக்கத்தில் கைக்கு வந்த முதல் லைட்ரோவைப் பார்த்தவர்களுக்கு அது கேமரா என்றே தோன்றாது. சுமார் 11 சென்டிமீட்டர் நீளமுள்ள சதுரக் குழாய். ஒரு முனையில் லென்ஸ், மறுமுனையில் சுமார் ஒன்றரை இஞ்ச் தொடுதிரை. மெமரி கார்டு போட இடமில்லை, ஃபிளாஷ் இல்லை. விலை 399 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 20,000 ரூபாய். 8 மடங்கு ஜூம் முழுக்க எஃப்/2 அளவுக்கு அகலத் திறந்த லென்ஸ். வழக்கமான கேமராவில் இவ்வளவு திறந்தால் வெளிச்சம் தாராளமாக வரும், ஆனால் ஃபோகஸ் ஒரு மெல்லிய அடுக்கில்தான் நிற்கும். இதில் வெளிச்சத்தையும் வாங்கிக்கொண்டு ஃபோகஸையும் பிறகு தேடிக்கொள்ளலாம். அது உண்மையிலேயே பெரிய சலுகை.

ஆனால், திசையைப் பதிவு செய்வதற்கு ஒரு விலை இருந்தது. திசைக்குச் செலவான பிக்ஸல்கள் படத்தின் நுணுக்கத்திலிருந்து கழிக்கப்பட்டவை. ஸ்டான்ஃபோர்டு முன்மாதிரியில் 1.6 கோடி பிக்ஸல்கள் போட்டு, கிடைத்த படத்தில் 90,000 பிக்ஸல்கள்கூட இல்லை. லைட்ரோ சென்சாரில் சுமார் 1.1 கோடி பிக்ஸல்கள். கையில் வந்தது 1,080-க்கு 1,080 அளவுள்ள படம், அதாவது 1.2 மெகாபிக்ஸல். அதே அக்டோபரில் வந்த ஐபோன் 4எஸ்ஸில் 8 மெகாபிக்ஸல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த வாடிக்கையாளருக்கு எந்த விளக்கமும் எடுபடவில்லை. 2014-ல் 1,599 டாலருக்கு வந்த 'லைட்ரோ இல்யூம்', சென்சாரின் பிக்ஸல்களைக் கிட்டத்தட்ட நாலு மடங்காக்கியும் சுமார் 4 மெகாபிக்ஸல் படத்தைத்தான் தந்தது.

இன்னொரு சிக்கல் பெரிதாகப் பேசப்படவில்லை. கடற்கரையில் நின்று கடலை எடுத்தால் இந்தக் கேமராவில் மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லை. சில மீட்டர்களுக்கு அப்பால் இருக்கும் எல்லாமே ஒரே தூரம் மாதிரிதான். வித்தை தெரிய வேண்டுமென்றால் லென்ஸுக்கு ஒரு சாண் தூரத்தில் ஏதாவது இருக்க வேண்டும்: ஒரு பூ, ஒரு கோப்பை, நீட்டிய கை. அதனால் லைட்ரோவில் எடுத்த படங்கள் ஒன்றுபோலவே ஆகிவிட்டன. முன்னால் ஒரு பொருள், பின்னால் ஒரு முகம். தொட்டுப் பார், மாறும். முதல் படத்தில் வியப்பு, பத்தாவது படத்தில் பழகிவிடும்.

எனக்கு இதில் மிகவும் முக்கியமாகப் படுவது வேறொன்று. எங்கே ஃபோகஸ் என்பது புகைப்படக்காரர் மேல் ஏறிய சுமை மட்டும்தானா? எதைப் பார்க்க வேண்டும் என்று அவர் நமக்குச் சொல்வதே அதன் வழியாகத்தானே! நரைத்த புருவத்தைக் கூர்மையாக்கிக் கையில் இருக்கும் தடியை மங்கவிடும்போது அவர் ஒரு வாக்கியத்தை எழுதி முடிக்கிறார். அந்த முடிவை வாசகரிடம் விட்டுவிட்டால் படம் முடியாமல் கிடக்கிறது. தவறிப்போன ஃபோகஸைத் திருத்தும் வசதி ஒரு வரம். ஃபோகஸே இல்லாத படத்தை முடிவாகக் கொடுப்பது வேறு விஷயம். லைட்ரோ முதலாவதைச் செய்யும் திறன் வைத்திருந்தும் இரண்டாவதை விற்றது.

டேப்பும் சாக்பீஸும்

சினிமா படப்பிடிப்பில் ஃபோகஸ் புல்லர் என்றொருவர் இருப்பார். கேமராவின் உடம்பில், ஒரு வட்டத்தைக் கோடு வெட்டும் சின்னக் குறி இருக்கும். சென்சார் இருக்கும் இடம் அது. அங்கிருந்து நடிகரின் கண் வரைக்கும் டேப் பிடித்து அளப்பார். தரையில் நடிகர் நிற்கும் இடங்களில் அடையாளம் போட்டுவைப்பார். நடிகர் நடந்து வர வர, லென்ஸின் வளையத்தைத் திருப்பிக்கொண்டே போவார். அவர் ஒரு நொடி பிசகினால் இன்னொரு டேக். நாயகியின் அழுகை எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் சரி.

2016-ல் லைட்ரோ அந்த வேலைக்குள் நுழையப் பார்த்தது. அவர்கள் செய்த சினிமா கேமராவுக்கு 755 மெகாபிக்ஸல், நொடிக்கு 300 ஃபிரேம். எடிட்டிங் மேஜையில் ஃபோகஸை மாற்றலாம். ஒவ்வொரு பொருளும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது பதிவாகியிருப்பதால் பச்சைத்திரை இல்லாமலே பின்னணியைப் பிரிக்கலாம். கொட்டும் தரவோ நொடிக்கு 400 ஜி.பி. வரை. ஒரு டெராபைட் டிஸ்க் இரண்டரை நொடியில் நிரம்பிவிடும்! பெரிய ஸ்டூடியோக்களே தயங்கும் அளவு அது. அடுத்த இரண்டே ஆண்டில் கடை மூடியாயிற்று.

ஜிமிக்கியைப் பாருங்கள்

லைட்ரோ கரைந்துகொண்டிருந்த காலத்தில்தான் போன்கள் அந்த இடத்தைப் பிடித்தன. 2014-ல் கூகுளின் கேமரா செயலி, போனை மெல்ல மேலே நகர்த்தச் சொல்லி, அந்த நகர்விலிருந்து தூரத்தைக் கணக்கிட்டுப் பின்னணியை மங்கவைத்தது. 2016-ல் ஐபோன் 7 பிளஸ் இரண்டு கேமராக்களை வைத்து 'போர்ட்ரெய்ட் மோடு' கொண்டுவந்தது. 2018-ல் ஐபோன் எக்ஸ்எஸ், எடுத்த பிறகு பிளரைக் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்லைடரைத் திரையில் வைத்தது. 2021-ல் வீடியோவிலும், 2023-ல் ஐபோன் 15-ல் சாதாரணமாக எடுத்த படத்திலும் பிறகு ஃபோகஸை மாற்ற முடிந்தது. ரென் இங் கனவு கண்டது கிட்டத்தட்ட எல்லார் கையிலும் வந்து சேர்ந்துவிட்டது என்றே தோன்றும்.

போர்ட்ரெய்ட் மோடில் எடுத்த கல்யாணப் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் நடுவே தெரியும் சின்ன இடைவெளிக்குப் போங்கள். பின்சுவர் மற்ற இடமெல்லாம் மங்கியிருக்க, அங்கே மட்டும் கூர்மையாக நிற்கும். காதோரம் பிரிந்து பறக்கும் முடி பாதியில் காணாமல் போயிருக்கும். மல்லிகைச் சரத்தின் ஓர மொட்டுகள் சுவரோடு சேர்ந்து கரைந்திருக்கும். மூக்குக்கண்ணாடி போட்டவர் என்றால் ஃபிரேமின் ஓரம் தின்னப்பட்டிருக்கும். புதிய போன்களில் இது குறைந்திருக்கிறது, முற்றிலும் போய்விடவில்லை.

காரணம் இதுதான். போனின் லென்ஸ் மிகச் சிறியது. அதனால் முகமும் சுவரும் பெரும்பாலும் இரண்டுமே கூர்மையாகத்தான் விழுகின்றன. எது அருகில், எது தூரத்தில் என்று போன் கணித்து, தூரத்தில் இருப்பதன் மேல் பிளரைப் பூசுகிறது. லைட்ரோவில் நீங்கள் பார்க்கும் பிளர், கதிர்கள் உண்மையாகவே போன வழியைக் கூட்டியதால் வந்தது. போனில் பார்ப்பது, அப்படி இருந்திருக்கும் என்ற மதிப்பீடு. முன்னது அளவீடு, பின்னது ஊகம். பாட்டியின் படத்தை அழகாக்க ஊகம் போதும். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால், இரண்டையும் ஒரே பெயரில் 'ஃபோகஸை மாற்றலாம்' என்று விற்பதை ஏற்க முடியவில்லை. புகைப்படத்தை நாம் நம்புவது, அது அங்கே இருந்த ஒளியின் பதிவு என்பதால்தான்.

இரண்டுக்கும் நடுவே ஒரு பாலமும் இருக்கிறது. 2017-ல் வந்த கூகுள் பிக்ஸல் 2, பின்பக்கம் ஒரே ஒரு கேமராவோடு போர்ட்ரெய்ட் மோடைச் செய்தது. அதன் சென்சாரில் ஒவ்வொரு பிக்ஸலும் இரண்டு பாதி. ஒரு பாதி லென்ஸின் இடப்பக்கத்து ஒளியை வாங்கும், மறுபாதி வலப்பக்கத்து ஒளியை. ஆட்டோஃபோகஸுக்காக வைத்த அந்த ஏற்பாட்டை, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் இருக்கும் இரண்டு கண்களாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். 14-க்கு 14 திசைகளுக்குப் பதிலாக இரண்டே திசைகள். மீதியை மனித உருவங்களை அடையாளம் காணப் பழக்கிய மென்பொருள் நிரப்பியது. அந்தக் குழுவை நடத்தியவர் வேறு யாருமல்ல, 1996-ல் ஒளிப்புலக் கட்டுரை எழுதிய அதே மார்க் லெவாய்தான்.

மீன் குஞ்சின் மூளை

ஊகம் செல்லாத இடங்களும் உண்டு. அங்கே குட்டி லென்ஸ் தகடு இன்றும் வேலை செய்கிறது. ஜெர்மனியின் கீல் நகரத்து ரேய்ட்ரிக்ஸ் நிறுவனம், லைட்ரோவுக்கு முன்பே இந்த வகைக் கேமராக்களை விற்கத் தொடங்கியது. ஆய்வகங்களும் தொழிற்சாலைகளும்தான் அதன் வாடிக்கையாளர்கள். குடும்பப் படம் எடுப்பவர்களைத் தேடி அது போகவே இல்லை.

நுண்ணோக்கியில் இதன் அருமை இன்னும் கூடுதல். 2006-ல் லெவாய் குழு நுண்ணோக்கிக்குள் குட்டி லென்ஸ் தகட்டைப் பொருத்திக் காட்டியது. 2014-ல் வியன்னாவையும் எம்.ஐ.டி.யையும் சேர்ந்த ஆய்வாளர்கள் அதே வழியில், 302 நரம்பணுக்கள் மட்டுமே கொண்ட ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவையும், வரிக்குதிரை மீனின் குஞ்சு ஒன்றின் மூளையையும் பதிவு செய்தார்கள். வழக்கமான நுண்ணோக்கியில் ஃபோகஸை அடுக்கு அடுக்காக இறக்கிக்கொண்டே போக வேண்டும். கீழடுக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் மேலடுக்கில் நரம்பணு மின்னி அணைந்திருக்கும். இங்கே எல்லா அடுக்கும் ஒரே க்ளிக்கில் பதிவாகின்றன. மீன் குஞ்சின் மூளையை நொடிக்கு 20 முறை முப்பரிமாணத்தில் எடுத்தார்கள். எந்த அடுக்கில் ஃபோகஸ் என்பது பிறகு கணினியில் முடிவாகும். முன்கூட்டியே முடிவெடுக்கவே முடியாத இடத்தில், முடிவைத் தள்ளிப்போடுவதற்கு முழு அர்த்தம் கிடைக்கிறது.

ரென் இங் இப்போது பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர். 2020-ல் அவரும் ரவி ராமமூர்த்தி, பிரதுல் ஸ்ரீனிவாசன் உள்ளிட்டோரும் சேர்ந்து வெளியிட்ட 'நெர்ஃப்' என்ற முறை, பல கோணங்களில் எடுத்த சாதாரணப் படங்களிலிருந்து, ஓர் இடத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒவ்வொரு திசையில் என்ன ஒளி கிளம்புகிறது என்பதைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கிறது. அதன் பிறகு ஃபோகஸை மட்டுமில்லாமல், நிற்கும் இடத்தையே மாற்றிப் புதுப் படம் எடுக்கலாம். அங்கேயும் படத்தில் பதிவானது எது, கணினி நிரப்பியது எது என்ற கேள்வி இருக்கவே செய்கிறது.

லைட்ரோ கோப்புகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. டொனால்டு டான்ஸரோ என்ற ஆய்வாளர் எழுதி இலவசமாக வெளியிட்ட மென்பொருள் தொகுப்பு அவற்றைத் திறக்கும். நிறுவனம் போன பிறகும் ஆய்வகங்களில் பழைய இல்யூம் கேமராக்கள் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். போன் படங்களுக்கும் இதே கவனம் வேண்டும். தூரக் கணிப்பும் பூசாத அசல் படமும் போனில் இருக்கும் மூலக் கோப்புக்குள்தான் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது சுருங்கிப் போய்ச் சேர்வது, பிளர் பூசிய ஒற்றைப் படம் மட்டும். முக்கியமான படமென்றால் மூலக் கோப்பைத் தனியாக ஒரு டிஸ்க்கில் பிரதி எடுத்து வையுங்கள். போன் நிறுவனங்களும் அந்தக் கோப்பை எந்த மென்பொருளும் திறக்கும் பொது வடிவத்தில் தந்தாக வேண்டும். எந்த இடத்தில் பிளர் பூசப்பட்டது என்ற குறிப்பும் அதில் இருக்க வேண்டும்.